வெயில் பக்கம் போட்ட துண்டு

1

முதலில் ஒரு திருத்தம், பிள்ளைகளே. கோபாலபுரத்தில் உங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பவளப்பாறை விஞ்ஞானி எழுதப்போகிறார் என்று பவித்ரா உங்கள் டீச்சரிடம் சொல்லிவைத்திருக்கிறாளாம். பவித்ரா என் தங்கை மகள். அந்த விஞ்ஞானி நான்தான். நான் தேனாம்பேட்டையில் பத்தாவது வரை படித்தவன். பவளப்பாறை பார்க்கக் கூட்டிக்கொண்டு போகும் சுற்றுலாப் படகில் சமையல்காரன். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

"ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று போனில் கேட்டேன்.

"சமையல்னு சொன்னா மிஸ் அரைப் பக்கம்தான் குடுப்பாங்க மாமா. விஞ்ஞானின்னா நாலு பக்கம்."

ஆகவே நாலு பக்கத்தை நிரப்ப வேண்டியது என் பொறுப்பாகிவிட்டது. நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். பெயரை எழுத வேண்டாம் என்று என் மகள் அருணா சொல்லியிருக்கிறாள். அவள் அரசாங்க வேலையில் இருக்கிறாள். அப்பா எழுதுவதால் மகள் வேலைக்குப் பங்கம் வரலாம் என்று பயப்படும் ஊர் இது. நம் ஊரில் அப்பா எழுதிக் கொடுத்தால்தான் மகளுக்கு வேலையே கிடைக்கும்.

2

பவளம் என்றதும் உங்களுக்கு தி. நகர் நகைக்கடைதான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் படகின் அடித்தளத்தில் கண்ணாடி பதித்திருக்கிறது. வெங்காயம் நறுக்கி முடித்துவிட்டு எட்டிப் பார்த்தால் கீழே மயிலாப்பூர் பூக்கடை வரிசையை அப்படியே தண்ணீரில் இறக்கிவைத்தது போல இருக்கும். செடி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது செடி இல்லை, கல்லும் இல்லை, பிராணி என்று அருணா சொன்னாள். மிகச் சின்னப் பிராணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வீடு கட்டிக்கொண்டே போவதுதான் பாறை.

அந்த வீடு ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று குடியிருக்கிறது. வாடகை தருவதில்லை. அதற்குப் பதிலாக வெயிலை அடுப்பாக வைத்துச் சமைத்துப் போடுகிறது. பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பகுதி அந்தப் பாசியின் கைப்பக்குவம். பூ மாதிரி தெரியும் நிறத்திலும் பெரும்பங்கு அதனுடையதுதான். கடல் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடேறி, அந்தச் சூடு இறங்காமல் வாரக்கணக்கில் நின்றால், பவளத்துக்கு என்ன ஆகிறதோ, அந்தச் சமையல்காரனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். தள்ளியதும் நிறம் போய் வெள்ளை வெளேரென்று நிற்கும். உடனே சாகாது. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் சமையல்காரன் திரும்பி வருவான். குளிராவிட்டால் பட்டினிதான், சாவுதான். பல முதலாளிகளிடம் வேலை பார்த்தவன் நான். சமையல்காரனைத் துரத்திய வீட்டின் கதி என்னவென்று எனக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊருக்கு எதிரே இரண்டு பாறைத் திட்டுகள் உண்டு. ஒன்றுக்கு எங்கள் வீட்டில் பூந்தோட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆழம் குறைவு, தண்ணீர் அசையாமல் தெளிந்து கிடக்கும், பார்க்கக் கோடிக் கண் வேண்டும். இன்னொன்றுக்குப் பின்கட்டு என்று பெயர். அங்கே நீரோட்டம் இழுக்கும், தண்ணீர் கலங்கல், பவளம் எல்லாம் ஆறிப்போன மசால்வடை நிறம். பூந்தோட்டத்தில் தங்கள் முறை வருவதற்காகக் காத்திருக்கும் படகுகள் பின்கட்டின் மேல்தான் நங்கூரம் போட்டு மதியச் சாப்பாட்டை முடிக்கும். எங்கள் படகும் அப்படித்தான். என் குழம்பு கொதித்ததெல்லாம் பின்கட்டின் தலைமேல்தான்.

3

கடல் சூடாகிக்கொண்டே போகிறது, அதனால் எங்கள் கரையில் ஒரு பாறைத் திட்டைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்போகிறோம் என்று அருணா வேலை பார்க்கும் கடல்வளத் துறை அலுவலகம் சொன்னது. அங்கே நங்கூரம் போடக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, காவல் படகு சுற்றும். ஆனால் ஒரே ஒரு காவல் படகுக்குத்தான் பணம் இருந்தது. பூந்தோட்டமா, பின்கட்டா என்பதை ஊரைக் கேட்டு முடிவு செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள்.

அந்தக் கமிட்டியில் பல பண்பாட்டுப் பிரதிநிதி என்று ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எங்கள் ஊரின் பல பண்பாடு என்பது எங்கள் குடும்பமும் ஒரு வியட்நாம் ரொட்டிக்கடையும்தான். ரொட்டிக்கடைக்காரர் விடியுமுன்பே மாவு பிசைகிறவர், மாலையில் தூங்கிவிடுவார். எனவே நான் பிரதிநிதியானேன். எதற்குப் பிரதிநிதி என்று கேட்டேன். "உங்கள் சமூகத்துக்கு" என்றார் தலைவி ஹெலன் அம்மாள். என் சமூகம் என்றால் என் மனைவி கனகாவும் அருணாவும். அதில் கனகா என் பேச்சைக் கேட்பதில்லை, அருணா அந்த அலுவலகத்திலேயே வேலை செய்கிறாள்.

முதல் கூட்டத்தில் சுவர் முழுக்கக் கடலின் படம். ஆளுக்கு ஒரு அட்டை பச்சைப் பொட்டு கொடுத்தார்கள். மனதுக்குப் பிடித்த இடத்தில் ஒட்ட வேண்டுமாம். கூட்டம் முடிகிறபோது பூந்தோட்டத்துக்குச் சின்னம்மை போட்டது போல இருந்தது. பின்கட்டில் ஒரே ஒரு பொட்டு. அதுவும் ஹெலன் அம்மாளின் சட்டைக் கையிலிருந்து உதிர்ந்தது. நானும் என் பொட்டுகளையெல்லாம் பூந்தோட்டத்தில்தான் ஒட்டினேன். என் முதலாளி பீட்டர் என் முதுகில் தட்டினார். பாதுகாப்புப் பகுதி என்று பலகை வைத்தால் பார்க்க வரும் கூட்டம் பெருகும் என்பது அவர் கணக்கு. பலகை தொங்கினால் என் அடுப்பும் எரியும் என்பது என் கணக்கு.

ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் அருணா. பின்கட்டைத்தான் காப்பாற்ற வேண்டும் என்று அறிக்கை எழுதியவள் அவள்.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் ஒரு விதியை அறிவித்தாள். அப்பா கமிட்டியில் இருப்பதை மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். இனிமேல் வீட்டில் பவளத்தைப் பற்றிப் பேசவே கூடாதாம்.

"மீன் குழம்பு வைக்கலாமாடி? அதுவும் கடல் சமாச்சாரம்தானே?" என்றாள் கனகா.

"மீன் ஓகேம்மா. பவளம்தான் நோ."

"உங்கப்பா வாயில மத்த பேச்சு என்ன இருக்கு? காத்தால படகு, சாயங்காலம் படகு."

கனகா விளையாட்டாகச் சொன்னது உண்மையாகிவிட்டது. அருணா ஏழு வயதில் இங்கே வந்தவள். வந்த புதிதில் பள்ளிக்கூடத்துப் பேச்சு, அப்புறம் தோழிகள் பேச்சு என்று ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் எங்கள் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது கடல் ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் பேச ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளைக்கு வருடா வருடம் கனகா பாயசம் வைப்பாள். இந்த வருடம் அருணா பாயசத்தைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துத் 'தேங்க்ஸ்' என்றாள், ஓட்டலில் பரிமாறுகிறவரிடம் சொல்வது போல. நான் முந்திரியை எண்ணுவது மாதிரி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

இடத்தை நேரில் பார்க்கக் கமிட்டியை ஒரு நாள் காலை சின்ன பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். வடக்கே போய் ஒரு குன்றின் மேல் நின்றால் இரண்டு பாறைகளும் தெரியும். அந்த பஸ்ஸில் நான் ஒரு காரியம் செய்தேன். அது புரிய வேண்டுமானால் நீங்கள் என்னோடு கொஞ்சம் வடபழனிக்கு வர வேண்டும்.

கல்யாணச் சமையல் கோஷ்டியில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். வடபழனியில் முகூர்த்தம் முடிந்தால் பிற்பகலில் பெண் வீட்டாரையும் எங்களையும் ஒரே வண்டியில் அடைத்து அடையாறுக்கு அனுப்புவார்கள். மண்டபத்து வாசலில் வண்டி வந்து நின்றதும் பட்டு வேட்டி, பட்டுப்புடவை என்று பாராமல் எல்லோரும் ஜன்னல் வழியாகத் துண்டும் கைக்குட்டையும் எறிந்து இடம் பிடிப்பார்கள். யார் துண்டோ அவர் இடம். இதற்குச் சட்டம் கிடையாது, ஆனால் மீறினால் சண்டை வரும். நானும் நிழல் விழுந்த பக்கமாகப் பார்த்து என் துண்டை எறிந்தேன். எங்கள் தலைமைச் சமையல்காரர் மணியண்ணன் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"இன்னாடா, மாப்ள வூட்டுக்காரன் மாரி நெழலா பாத்து துண்டு போட்டுக்கீற? வண்டி இப்ப வடக்கால பாத்து நிக்குது. திரும்பி தெக்கால போவ சொல்ல வெயிலு எங்க கீது? உன் மூஞ்சில கீது."

"அந்தப் பக்கம் இப்ப சுடுதேண்ணா."

"கொஞ்ச நேரம் சுடும். சூடு தாங்காதவன் இன்னாத்துக்குடா கரண்டி புடிச்ச?"

வண்டி வளைந்து திரும்பியதும் பெண்ணின் தாய்மாமன் வரைக்கும் எல்லோர் முகத்திலும் வெயில். நாங்கள் காலி அண்டாக்களோடு நிழலில் தூங்கிக்கொண்டு போனோம்.

இப்போது ஆஸ்திரேலியாவுக்கு வாருங்கள். ஏ.சி. வேலை செய்யாத பஸ், தெற்கே பார்த்து நிற்கிறது. போக வேண்டியது வடக்கே, கடலோரச் சாலையில். கமிட்டி மொத்தமும் வலப்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டது. இப்போது நிழல், போகப்போகக் கடல் காட்சி, இரண்டும் கிடைக்கும் பக்கம் அதுதான். நான் யோசிக்கவே இல்லை. கை தானாக இடப்பக்கத்து ஜன்னல் வழியாகச் சமையல் துண்டை உள்ளே எறிந்துவிட்டது.

ஹெலன் அம்மாள் அதை எடுத்து, யாரோ பாவம் தவறவிட்டுவிட்டார்கள் என்று மடித்து டிரைவரிடம் கொடுத்தார். நான் ஏறிப்போய் வாங்கி மறுபடியும் அதே இடத்தில் போட்டேன். "எல்லோருக்கும் இடம் இருக்கிறது, கோவிந்தன்" என்றார் அவர் கனிவாக. நம் ஊர் பஸ்ஸில் ஒருமுறையாவது யாராவது அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

கடைசியாகக் கை நிறையச் சுருட்டிய படங்களோடு அருணா வந்தாள். வலப்பக்கம் நிரம்பிவிட்டதால் இந்தப் பக்கம் வந்து என் அருகில் உட்கார்ந்தாள்.

"ஏன்ப்பா இங்க? ரொம்ப ஹாட்."

"கொஞ்சம் பொறு."

பஸ் வளைந்து வடக்கே திரும்பியது. காலை வெயில் கடலிலிருந்து எழுந்து நேராக வலப்பக்கத்தில் ஏறியது. தொப்பிகளும் காகிதங்களும் மேலே எழுந்தன. ஒருவர் கூட்ட அறிக்கையை முகத்தில் போட்டுக்கொண்டார். அது வந்த நாளிலிருந்து அவர் அதைப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அருணா நிழல் விழுந்த தன் கையைப் பார்த்தாள், எதிர்வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" தமிழில் பேசும்போது அவளுக்கு 'நீங்கள்' எல்லாம் 'நீ'தான்.

"வடபழனி" என்றேன்.

கையிலிருந்த படங்களை மடியில் வைத்தாள். பிறகு விதியை மறந்துவிட்டாள்.

"அப்பா, நான் ரிப்போர்ட்ல எழுதினது இதுதான். பூந்தோட்டம் இப்ப நிழல் சீட். ஆழம் இல்ல, தண்ணி ஓடல. கடல் சூடாச்சுன்னா அதுதான் ஃபர்ஸ்ட் வேகும். பின்கட்டுல அடியிலேர்ந்து கூல் தண்ணி ஏறி வந்துட்டே இருக்கு. வேற பாறை எல்லாம் வெளுத்தாலும் அது தாங்கும்."

"தாங்கி? பூந்தோட்டம் போனா போனதுதானே?"

"இல்ல. பவளம் குஞ்சு விடும். அது நீரோட்டத்துல மிதந்து போய் காலியா இருக்கற பாறைல உக்காரும். பின்கட்டுலேர்ந்து ஓடற தண்ணி நேரா பூந்தோட்டத்துக்குத்தான் போகுது. ஆனா பின்கட்டுலயே ஒண்ணும் மிச்சம் இல்லன்னா, யாரு வந்து உக்காருவா?"

"அங்க ஏன் மிச்சம் இருக்காது?"

அவள் ஒரு படத்தைப் பாதி விரித்தாள். "நீ தினம் லஞ்ச் போடறியே, அங்க விழற நங்கூரம் எங்க விழுதுன்னு நெனச்ச?"

அவளே தொடர்ந்தாள், குரலை இறக்கி. "கேரண்டி இல்லப்பா. வெயில் ரொம்ப ஏறினா ரெண்டு சைடும் வேகும். உலகமே சூட்டைக் குறைச்சாதான் முழுசா தப்பிக்கும். அதுவரைக்கும் தாங்கற எடத்தையாவது புடிச்சு வெக்கணும்."

குன்றின் மேல் ஏறிய கமிட்டி பூந்தோட்டத்தின் பக்கமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டது.

5

கடைசிக் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். துண்டு, பஸ், மணியண்ணன், பின்கட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சூடு ஏறுவதற்கு முன்னால் எது அழகு என்று பார்க்காதீர்கள், ஏறிய பிறகு எது மிஞ்சும் என்று பாருங்கள் என்றேன். எல்லோரும் கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டார்கள். ஹெலன் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டக் குறிப்பில் அது இப்படி ஏறியது: 'பிரதிநிதி தம் பண்பாட்டிலிருந்து ஒரு கதையைப் பகிர்ந்துகொண்டார். நன்றி.'

அப்புறம் ஓட்டெடுத்தார்கள். பூந்தோட்டம் வென்றது. என்னைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள், பஸ்ஸில் முகம் கருகியவர் உட்பட. அருணா படத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். அது அறுந்தது. இன்னொன்று போட்டாள்.

பீட்டர் படகைவிடப் பெரிய பலகை செய்தார். என்னோடு அவர் பேசவில்லை. ஆனால் வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. எங்கள் படகைப் பற்றி ஊரார் இணையத்தில் எழுதுவதில் பவளத்தைவிடக் கோழிக்குழம்புக்குத்தான் பாராட்டு அதிகம் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் ஒரு நாள் பின்கட்டின் மேல் நங்கூரத்தை அவர் கையில் எடுத்தபோது போய் நின்றேன்.

"இங்கே இனிமேல் என்னால் சமைக்க முடியாது, பீட்டர். படகு ஆடுகிறது. குழம்பு சிந்துகிறது."

"இத்தனை வருடமாக இங்கேதானே சமைத்தாய்?"

"வயதாகிறது. கை நிற்கவில்லை. அந்த மணல் தரைப் பக்கம் போனால் ஆட்டம் இல்லை."

குழம்பு சிந்துவது பொய் இல்லை. இத்தனை நாள் அதைத் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். பீட்டர் நங்கூரத்தைத் திரும்ப வைத்துவிட்டுப் படகை மணல் திட்டுக்கு ஓட்டினார். மற்றப் படகுக்காரர்கள் மதியம் ஒரு கிண்ணம் குழம்புக்கு எங்களிடம்தான் வருவார்கள். அவர்களும் பின்னாலேயே வந்து மணலில் நங்கூரம் போட்டார்கள். எங்கே பந்தி போடுகிறார்களோ அங்கேதான் கூட்டம் சேரும். இதற்குக் காவல் படகு தேவைப்படவில்லை.

சில மாதங்கள் கழித்து அருணா அலுவலக அறிக்கை ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். கனகா கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். பின்கட்டில் படகுகள் நங்கூரம் போடுவதைத் தாமாகவே நிறுத்திவிட்டன, காரணம் தெரியவில்லை என்று இருந்தது.

"காரணம் கொழம்புன்னு எழுதேன்டி" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள் கனகா. அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு.

6

இந்தக் கோடையில் கடல் கொதித்துவிட்டது. பூந்தோட்டம் வெளுத்தது. கண்ணாடி வழியாகப் பார்த்த பயணிகள் பனி பெய்தது போல அழகாக இருக்கிறது என்று படம் பிடித்தார்கள். பீட்டர் குனிந்து கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஒரு அம்மாளிடம், "அது அழகு இல்லை, அம்மா. அது பசி" என்று சொல்லிவிட்டு இயந்திர அறைக்குள் போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

திரும்பும் வழியில் பின்கட்டைத் தாண்டினோம். எட்டிப் பார்த்தேன். கலங்கல் தண்ணீரில் அங்கங்கே வெளிர்த்திருந்தாலும் மீதியெல்லாம் அதே ஆறிப்போன வடை நிறம். அந்தப் பழுப்பைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இப்போது முடிவை மறு ஆய்வு செய்யக் கமிட்டியைத் திரும்பக் கூட்டியிருக்கிறார்கள். பின்கட்டின் பெயரை முன்மொழிந்து எழுதியவர் பீட்டர். நான் மறுபடியும் பிரதிநிதி. அதனால் விதியும் மறுபடியும் வந்துவிட்டது. வீட்டில் பவளப் பேச்சு கிடையாது. அருணா வாயே திறப்பதில்லை.

நேற்றுக் காலை அதே பஸ். ஏ.சி. இன்னும் பழுது பார்க்கப்படவில்லை. எல்லோருக்கும் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டிருந்ததில் எனக்கு நேரமாகிவிட்டது. ஏறிப் பார்த்தால் கமிட்டி மொத்தமும் போன தடவை போலவே கடல் பக்கம். பீட்டர் மட்டும் யோசித்து யோசித்து இடப்பக்கம் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால், வெயில் நேராக விழுந்துகொண்டிருந்த ஜன்னலோர இருக்கையில், நீலக் கட்டம் போட்ட துண்டு ஒன்று கிடந்தது. எங்கள் வீட்டு அடுப்படியில் தொங்குவது. காலையில் காணவில்லை என்று கனகா தேடிக்கொண்டிருந்தாள்.

அருணா முன்னால் நின்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"மிஸ்டர் கோவிந்தன்" என்றாள், அலுவலகக் குரலில்.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இருக்கை நன்றாகவே சுட்டது.

"வந்திருக்கேன்மா" என்றேன்.

வண்டி இன்னும் திரும்பவில்லை.